விண்வெளி வேடத்துக்குக் கழுத்துப் பட்டை: துணியும் தோலும் சேரும் இடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரி மலையில், கோத்தகிரியில் உள்ள எங்கள் தையல் கடைக்குக் கல்லூரி மாணவன் ஒருவன் தானே செய்த கழுத்துப் பட்டையைக் கொண்டுவந்தான். வேற்றுக் கிரகத்தில் இறங்கும் விண்வெளி வீரன் வேடம். சாம்பல் நிறக் காடாத் துணியில் உயரமான காலர், அதன்மேல் பழுப்புத் தோலில் அடுக்கடுக்காகத் தகடுகள், தோள்வரை இறங்கும் பட்டி. பார்க்க அவ்வளவு அழகு. "போட்டுக் காட்டுப்பா" என்றேன். போட்டான். "இப்போ மேலே பாரு, வானத்துல கப்பல் வருதுன்னு வச்சுக்கோ." தலையைத் தூக்க முடியவில்லை. பின்பக்கம் காலர் மண்டையில் முட்டியது. குனியச் சொன்னால் முன்பக்க விளிம்பு தாடையை அறுத்தது. இரண்டு வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்த வேலை.

அவன் தையலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கழுத்து அசையும் என்பதை மட்டும் மறந்துவிட்டான். இந்த வேலையில் நான் பார்த்த தவறுகளில் பாதி இந்த ஒரு மறதியிலிருந்து வந்தவை. அசைவுக்குத் துணி, தோற்றத்துக்குத் தோல் என்று இரண்டுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அசைய வேண்டிய இடத்தில் தோலை வைத்துவிட்டால் எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் அது கழுத்தை நெரிக்கும்.

கழுத்து குழாய் இல்லை

டேப்பை எடுத்துக் கழுத்தைச் சுற்றி ஒரே ஓர் அளவு எடுப்பார்கள். அந்த நீளத்துக்கு ஒரு நேர்ப்பட்டி வெட்டுவார்கள். போட்டுப் பார்த்தால் மேல் விளிம்பு கழுத்தை விட்டு விலகி வாளி வாய் மாதிரி நிற்கும். காரணம், கழுத்தின் அடிச்சுற்று பெரிது, மேல்சுற்று சிறிது. கழுத்து கொஞ்சம் முன்னால் சாய்ந்தும் இருக்கிறது. உங்கள் சட்டைக் காலரின் அடிப்பட்டியைப் பிரித்து மேசையில் விரித்துப் பாருங்கள். இரண்டு முனையும் மேல்நோக்கி வளைந்திருக்கும். அந்த வளைவுதான் மேல்சுற்றைக் குறைத்துக் காலரைக் கழுத்தோடு ஒட்டி நிற்க வைக்கிறது.

ஆகவே மூன்று அளவு எடுங்கள்: அடிச்சுற்று, நடுச்சுற்று, தாடைக்குக் கீழே மேல்சுற்று. உள்ளே பனியனோ ஸ்வெட்டரோ போடப்போகிறீர்கள் என்றால் அதைப் போட்டுக்கொண்டே எடுங்கள். டேப்புக்குள் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். உயரத்தைத் தலையை நேராக வைத்து மட்டும் எடுக்காதீர்கள். குனிந்தபோது தாடைக்கும் மார்பு எலும்புக்கும் நடுவில் எவ்வளவு இடம் மிஞ்சுகிறதோ, முன்பக்கத்தின் விறைப்பான பகுதி அதற்குள் அடங்க வேண்டும். அண்ணாந்து பார்க்கும்போது மண்டைக்குக் கீழே மிஞ்சும் இடம்தான் பின்பக்கத்துக்குக் கணக்கு.

இன்னொரு கணக்கும் உண்டு, அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள தோலை வட்டமாக வளைத்தால், வெளிச்சுற்று உள்சுற்றைவிட ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் கூடுதல். துணிப்பட்டியும் தோலும் ஒரே நீளத்தில் வெட்டி மேசையில் தட்டையாக வைத்துத் தைத்தால், வளைக்கும்போது உள்ளே இருக்கும் துணி சுருங்கிச் சுருங்கி மடியும். வெளித்தோலை நீளமாக வெட்டுங்கள். இரண்டையும் வளைத்துப் பிடித்த நிலையிலேயே சேருங்கள்.

அந்தப் பையனின் காலரை என்ன செய்தோம் என்றால், தோல் முழுவதையும் பிரித்து ஏழு துண்டாக வெட்டினோம். ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும்படி வைத்தோம். ஒவ்வொரு துண்டும் ஒரு விளிம்பில் மட்டும் துணியோடு தைக்கப்பட்டது, மற்ற விளிம்புகள் விடுதலை. அடித்துணியைக் கிராஸில், அதாவது இழைக்குக் குறுக்காகச் சாய்வாக, வெட்டியதால் அது இழுபட்டுக் கொடுத்தது. பின்பக்கம் இரண்டு விரற்கடை இறக்கினோம். அப்புறம் அண்ணாந்து பார்த்தான், தகடுகள் ஒன்றன்கீழ் ஒன்று வழுக்கி நகர்ந்தன. உயிருள்ள ஒரு பிராணியின் கழுத்து மாதிரி இருந்தது. முதலில் செய்ததைவிட இதுதான் வேற்றுக் கிரகத்துப் பொருளாகத் தெரிந்தது.

நல்ல தோலில் கத்தரி வைப்பதற்கு முன்னால் பழைய ஜீன்ஸ் துணியிலும் சார்ட் அட்டையிலும் ஒரு முறை முழுதாகச் செய்து போட்டுப் பாருங்கள். ஒரு மாலைப்பொழுது போகும், அவ்வளவுதான்.

எல்லாத் தோலும் ஒன்றல்ல

மரப்பட்டையில் பதனிட்ட தோல் ஒரு ரகம், குரோமியம் உப்பில் பதனிட்டது இன்னொரு ரகம். நம் மலைச்சரிவுகளில் எங்கு பார்த்தாலும் நிற்கிற சீகை மரம் (வாட்டில்) ஆஸ்திரேலியாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் வந்தது. நீலகிரியிலும் பழனி மலையிலும் அதைத் தோட்டம் தோட்டமாகப் போட்டதற்கு ஒரு பெரிய காரணம், அதன் பட்டையில் இருக்கும் துவர்ப்புச் சத்து தோல் பதனிடப் பயன்படும் என்பது. சமவெளியில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் அதே வேலையைச் செய்தன. இப்படிப் பட்டையில் பதனிட்ட தோலை நனைத்து ஓர் உருவத்தின்மேல் அழுத்திக் காயவைத்தால் அந்த உருவம் அப்படியே நிற்கும். குரோம் தோல் அப்படி நிற்காது. ஜாக்கெட், கைப்பை தைக்கிற அந்த மெத்தென்ற தோலை வாங்கிவந்து நாள் முழுக்க நனைத்து நனைத்து வளைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், காய்ந்ததும் பழையபடி தொங்கிவிடும். வாங்கும்போதே வெட்டுவிளிம்பைப் பாருங்கள். நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறம் ஓடினால் பெரும்பாலும் குரோம். விளிம்பு முழுக்க வெளிர் பழுப்பாக இருந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் உறிஞ்சிக் கறுத்தால் பட்டைத் தோல்.

பட்டைத் தோலை வளைக்க எனக்குப் பிடித்த அச்சு, பிளாஸ்டிக் குடத்தின் கழுத்து. அதைச் சுற்றித் துண்டைக் கட்டி உங்கள் கழுத்தளவுக்குக் கொண்டுவாருங்கள். தோலைச் சாதாரணத் தண்ணீரில் குமிழி வருவது நிற்கும்வரை முக்கி எடுத்து, மேல்பரப்பின் நிறம் லேசாகத் திரும்பும்வரை காத்திருங்கள். சொட்டச் சொட்ட வளைத்தால் உருவம் பிடிக்காது. பிறகு அச்சில் வைத்து விரலால் நீவி நீவி உட்கார வைத்து, துணிப்பட்டையால் சுற்றிக் கட்டுங்கள்.

இங்கேதான் மலையில் இருப்பவர்களின் பொறுமை தீர்ந்துபோகிறது. மழைக்காலத்தில் மூன்று நாள் ஆனாலும் ஈரம் போகாது. உடனே ஹீட்டருக்குப் பக்கத்தில், அடுப்படியில் கொண்டுபோய் வைப்பார்கள். ஈரமாக இருக்கும் பட்டைத் தோல் ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சுருங்கத் தொடங்கும். சுருங்கிவிட்டால் பொரித்த அப்பளம் மாதிரி, திரும்ப மென்மையாகாது. மின்விசிறிக் காற்றில் விடுங்கள், நாலு நாள் ஆனாலும் பரவாயில்லை. விழா எந்தத் தேதி என்று பார்த்து முன்கூட்டியே தொடங்குங்கள்.

ஈரத்தோலில் இரும்புக் கிளிப் மாட்டுவது இன்னொரு தவறு. கிளிப் பட்ட இடத்தில் கருநீலக் கறை விழும். கடுக்காயும் இரும்பும் சேர்த்து அந்தக் காலத்தில் கறுப்பு மை செய்தார்களே, அதே வினைதான் உங்கள் தோலிலும் நடக்கிறது. எலுமிச்சைச் சாறு தொட்டால் ஓரளவு வெளுக்கும். பிளாஸ்டிக் கிளிப் வாங்கிக்கொள்ளுங்கள், ரிவிட்டும் கொக்கியும் பித்தளையில் போடுங்கள்.

ரெக்ஸின் வேண்டாமா என்று கேட்பார்கள். ஒரே ஒரு மேடைக்கு என்றால் தாராளமாக. ஆனால் பாலியூரித்தேன் பூச்சுள்ள செயற்கைத் தோல் ஈரக்காற்றில் மெல்ல மெல்லச் சிதைந்து உரியும். எங்கள் ஊர் ஈரத்தில் பீரோவுக்குள் இருந்தபடியே செதில் செதிலாக உதிர்ந்துவிடும்.

ஊசி, நூல், ஓட்டை

பேருந்து நிலையம் பக்கத்தில் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவரிடம் முதல்முதலில் தோல் தைக்கக் கற்றுக்கொள்ளப் போனேன். நான் குண்டூசி குத்திப் பொருத்தி வைத்திருந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, துணியில குத்துனா இழை விலகித் திரும்பச் சேந்துக்கும். தோல்ல குத்துனா குத்துனதுதான். ஓட்டை ஒரு தடவைதான் போடணும்" என்றார். குண்டூசி வேண்டாம், தைத்துப் பிரித்துத் தைப்பதும் வேண்டாம். தையல் விடும் விளிம்புக்குள் கிளிப் மாட்டுங்கள். துணிக்குப் போடுகிற மாதிரி நெருக்கமாகத் தையல் விட்டால், தபால்தலையின் ஓரம் கிழிகிற மாதிரி தோல் அந்த வரிசையிலேயே கிழியும். தையல் நீளம் 3 முதல் 4 மில்லிமீட்டர் இருக்கட்டும். முடிக்கும்போது மெஷினைப் பின்னால் ஓட்டிக் கெட்டிப்படுத்தாமல், நூலை உள்பக்கம் இழுத்து முடிச்சுப் போடுங்கள்.

வீட்டு மெஷினில் தோலூசி என்று கேட்டு 16ஆம் எண் ஊசி மாட்டினால், மெல்லிய தோல் ஒரு மடிப்பும் துணியும் சேர்ந்து தைக்கும். பாதம் தோலில் ஒட்டிக்கொண்டு நகரவில்லை என்றால் நடுவில் பட்டர் பேப்பர் வைத்துத் தைத்துக் கிழித்துவிடுங்கள். அதற்குமேல் தடித்தால் மெஷினை வதைக்காமல் குத்தூசியால் ஓட்டை போட்டு, ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து இரு பக்கமிருந்தும் தையுங்கள். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மறுபக்க நூல் பிடித்துக்கொள்ளும். நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும், பட்டைத் தோலின் துவர்ப்பு பருத்தி நூலை நாளடைவில் தின்றுவிடும்.

துணியை முன்கூட்டியே நனைத்துக் காயவைக்காமல் தைப்பது பழைய தவறு, சொல்ல வேண்டியதில்லை. விறைப்புக்காகக் கேன்வாஸ் துணியை இஸ்திரி போட்டு ஒட்டுவதையும் தோல் சேர்வதற்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். தோலின்மேல் இஸ்திரிப் பெட்டி போகக் கூடாது.

மஞ்சில் பசை

தைப்பதற்கு முன் சொல்யூஷன் என்கிற பசையைத் தடவி ஒட்டிக்கொள்வது வழக்கம். இரண்டு பரப்பிலும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து அழுத்த வேண்டும். தோலின் பளபளப்பான பக்கத்தில் ஒட்டுவதானால் உப்புத்தாளால் தேய்த்துவிட்டுத் தடவுங்கள். இவ்வளவும் எல்லா ஊருக்கும் பொது. மலைக்கு மட்டும் இன்னொரு சங்கதி இருக்கிறது. பசையில் உள்ள திரவம் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துபோகும். வெளியில் மஞ்சு இறங்கியிருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் காற்றிலுள்ள ஈரம் படியும். கண்ணாடியில் மூச்சு விட்ட மாதிரி பசை மங்கி வெளுக்கும். அதன்மேல் எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது. ஒட்டியது போலத் தோன்றி, மேடையில் உடம்புச் சூடு ஏறியதும் பிரிந்துகொள்ளும். வெளுத்திருந்தால் முழுதாகக் காயவிட்டு மறுபடி ஒரு பூச்சு தடவுங்கள்.

பகல் 11 மணிக்கு மேல், வெயில் முகம் காட்டும் நேரமாகப் பார்த்து ஜன்னலைத் திறந்துவைத்து இந்த வேலையைச் செய்யுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு கணப்பு மூட்டி அதன் பக்கத்தில் உட்கார்ந்து மட்டும் செய்யாதீர்கள். அந்த ஆவி குப்பென்று தீப்பிடிக்கும்.

பூட்டு எங்கே வைப்பது

இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமே வராது. கழுத்தைச் சுற்றியிருப்பது எதுவானாலும், போட்டிருப்பவர் தன் ஒரு கையால் ஒரே இழுப்பில் கழற்ற முடிய வேண்டும். பின்பக்கம் பக்கிள், முடிச்சுப் போட்ட கயிறு, வரிசையாக ஹூக்: மூன்றும் வேண்டாம். வெல்க்ரோவோ டிச் பட்டனோ போதும். பார்வைக்குப் பக்கிள் வேண்டுமானால் மேலே அலங்காரமாக வையுங்கள், பின்னால் வெல்க்ரோ இருக்கட்டும். காந்தம் வைப்பவர்கள், போடுபவருக்கோ கூட நடிப்பவருக்கோ இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பின்னால் தொங்கும் சால்வை, குழாய், ஒயர் எல்லாவற்றையும் இழுத்தால் கழன்று வரும்படி மாட்டுங்கள்.

பழுப்புக்கும் சாம்பலுக்கும் நடுவில் பளிச்சென்று ஒரு கோலம் வேண்டும் என்று, நீலகிரியின் தோடர் பழங்குடியினர் பூவேலை செய்த சால்வையை வாங்கி வெட்டிக் காலரில் ஒட்டுகிறவர்களும் உண்டு. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும் ஓடும் அந்த வேலை 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. பெரிய விசேஷம், இழவு என்று அவர்கள் போர்த்திக்கொள்வது அது. பக்கத்து மந்தில் (தோடர் குடியிருப்பில்) வாழும் மனிதர்களின் துணியை வேற்றுக் கிரகவாசியின் கழுத்தில் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சொந்தமாக ஒரு கோலம் யோசியுங்கள்.

கீழே இறங்கினால் வேர்க்கும்

ஊட்டிக் குளிரில் தைத்ததைக் கோயம்புத்தூர் மேடையிலோ சென்னையிலோ போடும்போது வேறு கதை. பத்து நிமிஷத்தில் கழுத்து நனைந்துவிடும். சாயத் தோலாக இருந்தால் அந்த நிறம் கழுத்தில் இறங்கும். ஈரமான வெள்ளைத் துணியால் தோலை முதலிலேயே அழுத்தித் தேய்த்துப் பார்த்துவிடுங்கள். தோல் நேராக உடம்பில் படாமல் பருத்தியில் ஓர் உள்பட்டி வையுங்கள். அதைத் தைத்துவிடாமல் டிச் பட்டனில் மாட்டினால் தனியாகக் கழற்றித் துவைக்கலாம். தோல் சேர்ந்த பட்டையைத் தண்ணீரில் போட முடியாது என்பதால், இந்த உள்பட்டி இல்லாத காலர் இரண்டாவது நிகழ்ச்சிக்கே நாறிவிடும்.

திரும்ப மேலே வந்ததும் பிளாஸ்டிக் பையில் சுற்றி பீரோவில் வைக்காதீர்கள், மூன்றே வாரத்தில் பச்சையும் வெள்ளையுமாகப் பூசணம் பூத்துவிடும். பூசணம் வந்தால் வெளியில் கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள். பளபளப்புக்கு என்று தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் கறுத்து, நீங்கள் அச்சில் பிடித்த உருவமும் தொளதொளத்துப் போகும். பழைய பருத்தித் தலையணை உறைக்குள், உள்ளே துணி சுருட்டி வளைவு கெடாமல் நிறுத்திவையுங்கள். மழை விட்ட நாளில் வெளியே எடுத்து ஒரு மணி நேரம் காற்றாட விடுங்கள்.