பாஷ் ஆரம்பக் கோப்புகளில் விடும் பிழைகள்

ஹற்றனில் பிள்ளைகளுக்கு உபுண்டு (ஒரு லினக்ஸ் இயங்குதளம்) சொல்லிக் கொடுக்கிறேன். அதில் நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்தான் பாஷ்; அது தொடங்கும்போது தானாகப் படிப்பவை ஆரம்பக் கோப்புகள். அவற்றில் முன்பு நான் விட்ட பிழைகளையே பிள்ளைகளும் விடுகிறார்கள். மேற்கோள் குறியை மூட மறப்பது போன்றவற்றை ஷெல்லே வரி எண்ணோடு காட்டிக்கொடுத்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

இல்லாத .பாஷ்_புரொஃபைலை உருவாக்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். பொகவந்தலாவைத் தம்பி ஒருவர் ஜாவா நிறுவினார். இணையத்தில் அகப்பட்ட குறிப்பு .பாஷ்_புரொஃபைலில் ஒரு வரி சேர்க்கச் சொன்னது. உபுண்டுவில் புதுப் பயனருக்கு அந்தக் கோப்பே கிடையாது, .புரொஃபைல்தான் இருக்கும். தம்பி புதிதாக உருவாக்கி வரியைப் போட்டார். ஜாவா ஓடியது. அப்புறம் எஸ்எஸ்எச் வழியாக (வேறு கணினியிலிருந்து வலைவழியே) நுழைந்தால் நிறமில்லை, கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எல்' சுருக்கத்தை அடித்தால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்'. மேசையில் டெர்மினலைத் திறந்தால் எல்லாம் சரி! சிஸ்டமே கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி உபுண்டுவை மறுபடி இறக்கினார். 5 ஜிபிக்கு மேல், ஃபோன் டேட்டாவில், மழை இறங்கினால் சிக்னல் அறுந்துபோகும் லயத்தில் இருந்துகொண்டு. அந்த மாதத்து டேட்டா அத்தோடு சரி.

எஸ்எஸ்எச்சில் நுழைந்தால் கிடைப்பது லாகின் ஷெல். அது முதலில் /ஈடிசி/புரொஃபைலைப் படிக்கும். பிறகு ஹோம் டைரக்டரியில் .பாஷ்_புரொஃபைல், .பாஷ்_லாகின், .புரொஃபைல் என்ற வரிசையில் தேடி, முதலில் கிடைப்பதை மட்டும் படித்துவிட்டு நின்றுவிடும். நிறமும் 'எல்எல்'லும் இருப்பது .பாஷ்ஆர்சி என்ற இன்னொரு கோப்பில். உபுண்டுவில் அதை அழைப்பது .புரொஃபைல்தான். புதுக் கோப்பு முந்திக்கொண்டதால் இரண்டுமே போயின. மேசை டெர்மினல் வழக்கமாக லாகின் ஷெல் அல்ல, நேரே .பாஷ்ஆர்சிக்குப் போகும், அதனால்தான் அங்கே கோளாறு தெரியவில்லை.

அந்த வரியை .புரொஃபைலுக்கு மாற்றிவிட்டுப் புதுக் கோப்பை அழித்தால் போதும், இரண்டு நிமிட வேலை. எது படிக்கப்படுகிறது என்று சந்தேகம் வந்தால் 'பாஷ் -எல்எக்ஸ்' அடியுங்கள், ஓடும் வரிகளெல்லாம் திரையில் கொட்டும். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் பாருங்கள்.

'--நோஆர்சி' ஒன்றை மட்டும் நம்புவது

.பாஷ்ஆர்சியைப் படிக்காமல் பாஷைத் தொடங்கும் தெரிவு இது. அதைப் போட்டும் பிழை இருந்தால் கோப்பில் குற்றமில்லை என்று முடிவெடுக்கிறார்கள். கெட்டுப்போன பாத் (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்), பழைய ஷெல்லிலிருந்து புதியதற்கும் கூடவே வரும். 'என்வ் -ஐ பாஷ் --நோபுரொஃபைல் --நோஆர்சி' என்று வெறுமையாகத் தொடங்கிப் பாருங்கள்.

திருத்தியவுடன் இருக்கிற ஒரே எஸ்எஸ்எச் இணைப்பை மூடுவது

இன்னொரு ஜன்னலில் நுழைந்து பார்த்த பிறகு மூடுங்கள். திருத்தம் பிழைத்து மறுபடி நுழைய முடியாமல் போய், சர்வர் கொழும்பில் இருந்தால் ரயில் ஏற வேண்டிவரும்.

.பாஷ்ஆர்சியின் தலையில் எக்கோ

வேண்டாம். எக்கோ எழுத்தை அச்சிடும் கட்டளை; அந்த எழுத்தால் எஸ்சிபி (எஸ்எஸ்எச் வழியாகக் கோப்பு நகலெடுக்கும் கட்டளை) குழம்பும்.