காரைக்குடியிலிருந்து கொடைக்கானல்: பெட்ரோல் வண்டியும் க்ரூஸ் கன்ட்ரோலும் மலைப்பாதையும்

செட்டிநாட்டில் வண்டி ஓட்டக் கற்றவர்களுக்கு மலைப் பழக்கம் தானாக வராது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் என்று எங்கே சுற்றினாலும் சாலை ஏறக்குறைய சமதளம்தான். மிஞ்சிப்போனால் ஒரு கண்மாய்க்கரை, ஒரு ரயில்வே மேம்பாலம். ஆனால் கோடை விடுமுறை வந்தால் வீட்டோடு கொடைக்கானலுக்குக் கிளம்பிவிடுகிறோம். இப்போது வரும் வண்டிகளில் க்ரூஸ் கன்ட்ரோல் வேறு இருக்கிறது. நான்குவழிச் சாலையில் அது தருகிற சுகத்தைப் பார்த்துவிட்டு, மலையிலும் அதையே நம்பத் தோன்றும். அதைத் தடுக்கத்தான் இந்தப் பதிவு.

ஏழு பேர் உட்காரும் பெட்ரோல் வண்டி, ஆட்டோமேட்டிக் கியர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மேனுவல் கியருக்கும் கணக்கு இதேதான். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும்போது மோட்டார்ஹோம் (படுக்கையும் சமையலறையும் உள்ளேயே இருக்கும் பெரிய வண்டி) வாடகைக்கு எடுக்கிற வழக்கம் நம் பக்கத்தில் பெருகிவருகிறது. அவர்களுக்காகக் கடைசியில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

க்ரூஸ் கன்ட்ரோலுக்கு என்ன தெரியும்?

இதைக் கண்டுபிடித்தவர் ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர். சிறுவயதிலேயே பார்வையை இழந்தவர். 1950-ல் காப்புரிமை பெற்றார். 1958-ல் கிரைஸ்லரின் இம்பீரியல் காரில் அது விற்பனைக்கு வந்தது. அன்றைக்கும் இன்றைக்கும் அதன் வேலை ஒன்றுதான்: நீங்கள் சொன்ன வேகத்தைப் பிடித்துவைப்பது. வேகம் குறைந்தால் எஞ்சினுக்குக் காற்று போகும் வழியான த்ராட்டிலைத் திறக்கும், கூடினால் மூடும். முன்னால் ஏற்றம் வருகிறதா, கொண்டை ஊசி வளைவு வருகிறதா என்று சாதாரண க்ரூஸுக்குத் தெரியாது. ரேடார் வைத்த அடாப்டிவ் வகை முன்னால் போகும் வண்டியைப் பார்க்கும், அவ்வளவுதான். மலையைப் பார்க்க வேண்டியது நீங்கள்.

படி 1: கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் டயர் காற்று இரண்டு விதமாகப் போட்டிருக்கும்: ஓரிருவர் போகும்போது எவ்வளவு, முழுப் பாரத்துக்கு எவ்வளவு என்று. ஏழு பேரும், பெட்டிகளும், ஆச்சி கொடுத்தனுப்பும் பலகாரச் சம்படங்களும் ஏறினால் அது முழுப் பாரம்தான். டயர் சூடாவதற்கு முன், காலையிலேயே காற்று பிடியுங்கள். கனமான சாமானைக் கேரியரில் கட்டாமல் உள்ளே கீழே வையுங்கள். வளைவில் வண்டி சாய்வது குறையும்.

கூலன்ட் தொட்டியில் இரண்டு கோடுகள் இருக்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போது அளவு அந்த இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் மலைக்கு முன் மாற்றிவிடுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறியபின் 140 வரை இறங்கலாம். இறக்கத்தில் பிரேக் சூடேறி ஆயில் கொதித்தால் குமிழி உண்டாகும், பெடல் மெத்தென்று உள்ளே போய்விடும்.

கொடைக்கானலுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கேட்கிறார்கள். அதையும் வீட்டிலேயே எடுத்துவிடுங்கள்.

படி 2: பொத்தான்களைச் சமதளத்தில் பழகுங்கள்

திருப்பத்தூர், சிங்கம்புணரி வழியாகக் கொட்டாம்பட்டி வரை க்ரூஸைத் தொடாதீர்கள். ஊருக்கு ஊர் வேகத்தடை, குறுக்கே மாடு, டவுன் பஸ். தை மாதமென்றால் குன்றக்குடியிலிருந்து காவடியோடு பழனிக்கு நடக்கும் நகரத்தார் பாதயாத்திரையும் இந்தப் பக்கம்தான் போகும். அந்த நாட்களில் கால் பிரேக்குக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

கொட்டாம்பட்டியில் திருச்சி–மதுரை நான்குவழிச் சாலை குறுக்கிடும். பழகுவதற்கு அதுதான் இடம். ஒரு விடியற்காலை, சாலை காலியாக இருக்கும்போது, தனியாகப் போய்ப் பாருங்கள். வேகத்தை 80-க்குக் கொண்டுவந்து 'செட்' அழுத்துங்கள், காலை எடுங்கள். பிரேக்கை லேசாகத் தொட்டால் க்ரூஸ் விட்டுவிடும். இதை மூன்று நான்கு முறை செய்யுங்கள்.

'ரெஸ்யூம்' பொத்தானை மட்டும் தனியாக மனதில் வையுங்கள். நீங்கள் கடைசியாகச் சொன்ன 80-ஐ அது ஞாபகம் வைத்திருக்கும். வேறொரு சாலையில் 45-ல் போய்க்கொண்டிருக்கும்போது விரல் தவறி அதில் பட்டால், வண்டி 80-ஐப் பிடிக்கப் பாயும். வளைவுக்கு முன்னால் அது நடந்தால் என்னாகும் என்று யோசியுங்கள். வேலை முடிந்ததும் 'கேன்சல்' போதாது. மெயின் பொத்தானையே அணைத்தால்தான் அந்த ஞாபகம் அழியும்.

படி 3: மேம்பாலத்தில் ஆர்பிஎம் முள்ளைக் கவனியுங்கள்

அதே நான்குவழிச் சாலையில் ஒரு மேம்பாலத்தை க்ரூஸ் போட்டபடி ஏறுங்கள். வேகம் இரண்டு மூன்று கிலோமீட்டர் குறைந்த பிறகுதான் அது விழித்துக்கொள்ளும். உடனே த்ராட்டிலை நிறையத் திறக்கும். கியர் ஒன்றோ இரண்டோ இறங்கும், எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் முள் மேலே தாவும், எஞ்சின் கத்தும். வேகம் வந்ததும் கியர் மறுபடி மேலே போகும். மேம்பாலம் சின்னது, அதோடு முடிந்துவிடும். ஐந்து கிலோமீட்டர் ஏற்றத்தில் இதே தாவல் திரும்பத் திரும்ப நடந்தால் கியர்பாக்ஸும் சூடாகும், உள்ளே இருப்பவர்களுக்கும் தலை சுற்றும்.

இப்போது க்ரூஸை அணைத்துவிட்டு, உங்கள் காலால் அதே மேம்பாலத்தை ஏறிப் பாருங்கள். ஏற்றம் தொடங்கும் முன்பே கொஞ்சம் அழுத்தி, உச்சிக்குப் போகும்போது வேகம் நாலைந்து குறைந்தால் குறையட்டும் என்று விடுங்கள். எஞ்சின் சத்தம் சீராக இருக்கும். சைக்கிளில் கண்மாய்க்கரை ஏறியவர்களுக்கு இது புதிதல்ல. கரை காலடியில் வரும்வரை காத்திருந்தா மிதிப்போம்?

படி 4: மலை ஏறுதல்

நத்தம், திண்டுக்கல் தாண்டி வத்தலக்குண்டு வந்ததும் வண்டியை ஓரங்கட்டுங்கள். ஒரு காபி குடியுங்கள். க்ரூஸ் மெயின் பொத்தான் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். திரும்பி இங்கே வரும்வரை அதற்கு வேலை இல்லை. வளைவுகளில் 20, 30 கி.மீ. வேகத்தில்தான் போவோம், பெரும்பாலான வண்டிகளில் அந்த வேகத்தில் சாதாரண க்ரூஸ் வேலையும் செய்யாது.

கியர் லீவரில் எஸ், எல், அல்லது எம் என்று ஒரு நிலை இருக்கும். ஸ்டியரிங் பின்னால் பேடில் (விரலால் கியர் மாற்றும் பட்டை) இருந்தால் இன்னும் வசதி. செங்குத்தான இடத்தில் கியரை நீங்களே இரண்டிலோ மூன்றிலோ நிறுத்துங்கள். டீசல் ஓட்டிப் பழகியவர்கள் இங்கேதான் பயப்படுகிறார்கள். டர்போ டீசல் 2,000 ஆர்பிஎம்மிலேயே முழு இழுவையும் கொடுத்துவிடும். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினுக்கு இழுவை 4,000 பக்கம்தான் நிறைவாக வரும். முள் 3,500-ல் நின்று எஞ்சின் உறுமினால் அது கஷ்டப்படவில்லை, தன் வேலையைச் செய்கிறது. சிவப்புக் கோடு இன்னும் எட்டத்தில் இருக்கிறது. மாறாக, மேல் கியரில் குறைந்த ஆர்பிஎம்மில் அழுத்தி ஏற்றுவதுதான் எஞ்சினை வதைக்கும்.

டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் சக்தியை இழக்கும், காற்று மெலிவதால். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். அதாவது மேலே போய்ச் சேரும்போது ஐந்தில் ஒரு பங்கு போயிருக்கும். பெருமாள்மலையில் வண்டி மந்தமாகத் தெரிந்தால் பழுது என்று நினைக்க வேண்டாம்.

டெம்பரேச்சர் முள் வழக்கத்தைவிட மேலே போனால் முதலில் ஏசியை அணையுங்கள். அப்புறம் ஒரு கியர் இறக்கி வேகத்தைக் குறையுங்கள். எஞ்சின் வேகமாகச் சுற்றினால் வாட்டர் பம்பும் வேகமாகச் சுற்றும். அப்படியும் இறங்காவிட்டால் டம் டம் பாறை மாதிரி அகலமான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள்.

கொண்டை ஊசியில் பஸ் இறங்கி வருகிறதென்றால் வளைவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நில்லுங்கள். அதற்கு முழு வளைவும் வேண்டும். குறுகலான இடத்தில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பதுதான் விதி. நீங்கள் இறங்கும்போது அதை மறக்காதீர்கள்.

படி 5: இறங்குதல்

ஏறுவதில் தவறினால் வண்டி நின்றுபோகும். இறங்குவதில் தவறினால் நிற்காது. அதனால் இந்தப் படியை வீட்டில் ஓட்டுகிற எல்லாரும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சாதாரண க்ரூஸ் த்ராட்டிலை மூடத்தான் செய்யும், பிரேக் போடாது. இறக்கத்தில் 40 என்று சொல்லியிருந்தாலும் வண்டி 55, 60 என்று ஓடிவிடும். அடாப்டிவ் வகை பிரேக் போடும். ஆனால் அடிவாரம் வரை பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வரும். இரண்டும் வேண்டாம்.

எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். வேகம் பிடித்த பிறகு குறைப்பது கடினம். பெட்ரோல் எஞ்சினில் காலை எடுத்ததும் த்ராட்டில் மூடிக்கொள்வதால் எஞ்சின் காற்றை இழுக்கத் திணறும், அந்தத் திணறல்தான் வண்டியைப் பிடிக்கிறது.

அதோடு பிரேக்கை இப்படிப் பயன்படுத்துங்கள்: உங்கள் எல்லை 40 என்றால், 40-ஐத் தொட்டதும் நன்றாக அழுத்தி 30-க்குக் கொண்டுவாருங்கள். முழுவதும் விடுங்கள். மறுபடி 40 வரும்போது மறுபடி. அந்த இடைவெளியில் பிரேக் ஆறும். லேசாகக் கால் வைத்துக்கொண்டே வந்தால் ஆறவே ஆறாது.

நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்று இன்னமும் சொல்கிறார்கள். உண்மை நேர்மாறானது. வண்டி கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டுக் காலை எடுத்தால் இன்றைய எஞ்சின்கள் பெட்ரோலை முற்றிலும் நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலுக்குச் செலவாகும். எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குவது உயிரோடு விளையாடுவது. ஸ்டியரிங் கனத்துவிடும், இரண்டு மூன்று முறை மிதித்தபின் பிரேக்கும் கட்டையாகிவிடும்.

கருகிய வாசனை வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்துங்கள். 'பி'-யில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது, விரிசல் விடும். அரை மணி நேரமாவது ஆறட்டும். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு வாருங்கள், பின்னால் வரும் பைக்காரருக்காக.

மழை என்றால் சமதளத்திலும் க்ரூஸ் வேண்டாம். சக்கரம் வழுக்குவதை அது தாமதமாகத்தான் உணரும்.

அமெரிக்காவில் மோட்டார்ஹோம் எடுப்பவர்களுக்கு

வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பெட்ரோல் வண்டிகள்தான். ஃபோர்டு இ-450 மீது கட்டியது என்றால் அனுமதித்த மொத்த எடை 14,500 பவுண்டு, ஆறரை டன். பழையவற்றில் 6.8 லிட்டர் வி10, புதியவற்றில் 7.3 லிட்டர் வி8. இரண்டிலும் டர்போ கிடையாது. மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தும். கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை ஐசன்ஹோவர் சுரங்கத்தில் 3,400 மீட்டரைத் தொடும். மூன்றில் ஒரு பங்கு சக்தி அங்கே இருக்காது.

ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே நெடுஞ்சாலை ஏற்றங்கள் நீளமானவை, கொண்டை ஊசி இல்லை. அதனால் மென்மையான ஏற்றத்தில் க்ரூஸ் பயன்படும். கியர் லீவர் முனையில் 'டோ-ஹால்' பொத்தான் இருக்கும்; அதை அழுத்திவிட்டால் கியர் தாவுவது குறையும், இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டாலே கியர் தானாக இறங்கிப் பிடிக்கும். 6 சதவீத ஏற்றம் என்று பலகை வந்தால் க்ரூஸை விட்டுவிட்டு, லாரிகளோடு வலது ஓர லேனுக்குப் போய்விடுங்கள். நம் ஊரில் மெதுவாகப் போகிறவர்களுக்கு இடது ஓரம், அங்கே வலது. மணிக்கு 40 மைலில் எஞ்சின் 4,000-ல் கத்திக்கொண்டு ஏறட்டும், பாதகமில்லை.

இறக்கத்தில் ஓரமாகச் சரளைக்கல் நிரப்பிய மேட்டுப் பாதைகள் பிரிந்து போவதைப் பார்ப்பீர்கள். பிரேக் போன லாரிகளுக்காகப் போட்டவை. உங்கள் பிரேக் போனாலும் தயங்காமல் அதில் ஏற்றிவிடலாம். கலிபோர்னியாவில் இருவழிச் சாலையில் முந்த முடியாதபடி உங்கள் பின்னால் ஐந்து வண்டிகள் சேர்ந்துவிட்டால், அடுத்த ஒதுங்குமிடத்தில் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஏற்றத்தில் மோட்டார்ஹோம் ஓட்டும்போது அடிக்கடி கண்ணாடியைப் பாருங்கள்.