போனும் கையுமாக இருக்கும் பிள்ளையை விளையாட இறக்குவது எப்படி?

"போய் விளையாடேன்" என்று நாம் பத்து தடவை சொன்னாலும் அசையாத பிள்ளை, வாசலில் நண்பன் குரல் கேட்டால் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடும். ஆகவே அறிவுரையை ஓரமாக வைத்துவிட்டு, இந்த வரிசையில் முயன்று பாருங்கள்.

1. ஒரு வாரம் சும்மா கவனியுங்கள்

பிள்ளை தினமும் எவ்வளவு நேரம் ஓடியாடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். 5 முதல் 17 வயதுவரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். சராசரிதான், எனவே ஒரு நாள் குறைந்தால் குடி முழுகிவிடாது. ஒரே மூச்சில் முடிக்கவும் வேண்டாம். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று சேர்ந்தாலும் கணக்குதான்.

மெதுவாக உலாத்துவது இந்தக் கணக்கில் வராது. விளையாடும்போது பேச முடிகிறது, பாட்டுப் பாட முடியவில்லை என்றால் மிதமான வேகம். நாலு வார்த்தைக்கே மூச்சு வாங்கினால் நல்ல வேகம்.

2. பத்து நிமிடம் மட்டும் கூட்டுங்கள்

இருபது நிமிடம் விளையாடுகிற பிள்ளையிடம் நாளையிலிருந்து ஒரு மணி நேரம் என்றால் மூன்றாம் நாளே சண்டை வரும். பத்து நிமிடம் சேர்த்து, அது பழகிய பிறகு அடுத்த பத்து. வாரத்தில் 3 நாளாவது குதிப்பது, ஏறுவது, ஸ்கிப்பிங் ஆடுவது போல எலும்புக்கும் தசைக்கும் வேலை வைப்பதும் இருக்கட்டும்.

3. நீங்களும் இறங்குங்கள்

சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய மந்திரம் கிடையாது. பந்தை எறியுங்கள், துரத்துங்கள், தோற்றுப்போங்கள். நாம் சோபாவில் போனோடு சாய்ந்தபடி "ஓடு" என்றால் யார் ஓடுவார்கள்?

4. பதின்ம வயதா? முடிவை அவர்களிடம் விடுங்கள்

கஷ்டமான கட்டம் இதுதான். 2016 நிலவரப்படி உலகில் 11 முதல் 17 வயதுள்ளவர்களில் 81 சதவீதம் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. பெண் பிள்ளைகளிடம் இது 85 சதவீதம். எல்லாவற்றுக்கும் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்துவிடக் கூடாது. டீமில் எடுக்கப்படாத வருத்தம், மாறிவரும் உடம்பைப் பற்றிய கூச்சம், மாதவிடாய் நாட்களின் அசௌகரியம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். வசதியான உடையும் பொருத்தமான உள்ளாடையும் வாங்கிக் கொடுத்தாலே சில பெண் பிள்ளைகள் மறுபடி மைதானத்துக்கு வந்துவிடுவார்கள்.

போட்டி பிடிக்காதவர்களுக்கு நடனம், சைக்கிள், நீச்சல் என்று எத்தனையோ இருக்கின்றன. "வெயிட் தூக்கினால் உயரம் நின்றுவிடும்" என்று பயப்படத் தேவையில்லை. தெரிந்த பயிற்சியாளர் பக்கத்தில் இருந்து, எடையைப் படிப்படியாகக் கூட்டினால் போதும். கூட ஒரு நண்பர் சேர்ந்தால் பாதி வேலை முடிந்தது.

5. தண்டனை ஆக்காதீர்கள்

தப்பு செய்தால் மைதானத்தை நாலு சுற்று ஓடு என்றால், ஓட்டமே கசந்துவிடும். எடையைக் காட்டிக் கிண்டல் செய்வதும் அப்படித்தான். "நேற்றைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தாயே" என்று கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள்.

6. உடம்பு சொல்வதைக் கேளுங்கள்

விளையாடும்போது நெஞ்சு வலித்தாலோ மயக்கம் வந்தாலோ உடனே நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். ஆஸ்துமா இருக்கிறதே என்று வீட்டிலேயே பூட்டிவைக்க வேண்டியதில்லை. அது கட்டுக்குள் இருந்தால் பெரும்பாலான பிள்ளைகள் தாராளமாக ஓடலாம்; மருத்துவர் சொன்ன இன்ஹேலர் பையில் இருக்கிறதா என்று மட்டும் கிளம்பும்முன் பார்த்துவிடுங்கள்.