‘சும்மா ஒரு பிசினஸ்’ என்று சொன்னால் யாருக்கு விளங்கும்?

யாழ்ப்பாணத்தில் வேலை பெரும்பாலும் மூன்றாம் ஆள் மூலம்தான் வந்து சேரும். “எண்ணெய்க்கு ஒரு ஆள் இருக்கு, கேட்டுப் பாரும்” என்று யாரோ யாருக்கோ சொல்லவேண்டும். ஆகவே உங்களோடு கதைத்தவர், நீங்கள் யார் என்பதை இன்னொருவரிடம் ஒரே மூச்சில் சொல்லக்கூடியதாக இருக்கவேண்டும். அதைக் கெடுக்கிற பிழைகள்தான் இவை.

பெரிய பிழை, தன்னடக்கம். “என்ன செய்யிறியள்?” என்றால் “சும்மா சின்னதா ஒரு பிசினஸ்” என்பது. கேட்டவர் இதை வைத்து என்ன செய்வார்? இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “சுன்னாகத்திலை செக்கிலை எள்ளு ஆட்டி நல்லெண்ணெய் எடுக்கிறம். கிழமைக்கு 200 லீற்றர். கடையளுக்கு 5 லீற்றர் கானிலை குடுக்கிறம். கொழும்பிலை எடுக்கிறதுக்கு ஒரு கடை தேடுறம்.” இடம், பொருள், அளவு, தேவை. 20 செக்கனுக்குள் முடிந்துவிடும். கடைசி வசனத்தைத்தான் பலர் கூச்சத்தில் விழுங்கிவிடுகிறார்கள். ஆனால் உங்களுக்கு எது வேணும் என்று தெரியாதவர் யாரிடம் உங்களை அனுப்புவார்? அளவைக் கூட்டியும் சொல்லவேண்டாம். 500 என்று சொல்லி, கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பினால் அந்தக் கதையும் ஊரில் பரவும்.

அடுத்தது “எந்த ஊர்?” என்ற கேள்வி. சிலர் இதற்கே முகம் சுளிப்பார்கள். கேட்பவர் உங்களுக்கும் தனக்கும் பொதுவாகத் தெரிந்த ஆளைத் தேடுகிறார், அவ்வளவுதான். வேறு சிலர் பள்ளிக்கூடம், பெரியப்பா, மாமி வீடு என்று அதற்குள்ளேயே பத்து நிமிடம் மூழ்கிவிடுவார்கள். “ஊர் உரும்பிராய், பட்டறையும் அங்கைதான்” என்று ஒரு வசனத்தில் வேலைக்குத் திரும்பலாம். வயதானவர் தானே உறவைத் துருவினால் மட்டும் இடைமறிக்கவேண்டாம். அது மரியாதைக் குறைவாகப் படும்.

பதவிப் பெயரை மட்டும் சொல்வதும் உதவாது. ‘கன்சல்டன்ற்’ என்பதைவிட “சின்னக் கடையளின்ரை கணக்கு எழுதி, வரிப் படிவம் நிரப்பிக் குடுக்கிறன்” என்பது மனதில் நிற்கும்.

விசிட்டிங் காட்டில் இரண்டு சிக்கல். நாங்கள் தகப்பன் பெயரை முன்னாலும் சொந்தப் பெயரைப் பின்னாலும் எழுதுகிறோம். வெளிநாட்டவர் முதற்பெயர்தான் கூப்பிடும் பெயர் என்று நினைத்து, உங்களை அப்பாவின் பெயரால் கூப்பிடுவார். கூப்பிடும் பெயரைத் தடித்த எழுத்தில் போடுங்கள். மற்றது இலக்கம். 077 என்று அச்சடித்தால், நல்லூர்த் திருவிழாவுக்கு வந்துபோன ரொறன்ரோக்காரர் திரும்பிப் போய் அதை அப்படியே அழுத்த, அழைப்பு வராது. முன்னால் உள்ள 0 ஐ எடுத்துவிட்டு +94 77 என்று போடவேண்டும்.

முற்றவெளி வர்த்தகக் கண்காட்சி மாதிரி இடங்களில், ஒருவர் தன் வாடிக்கையாளருக்கு விலை சொல்லிக்கொண்டிருக்கும்போது உங்கள் காட்டை நீட்டாதீர்கள். கண்காட்சி திறந்த கையோடு, கூட்டம் சேரமுன் போங்கள். அன்றைக்குப் பின்னேரமே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போதும். மூன்று நிமிட வொயிஸும் பன்னிரண்டு படமும் அனுப்பினால் திறந்தே பார்க்கமாட்டார். “வணக்கம் அண்ணை, காலமை உங்கடை ஸ்ரோலிலை கதைச்ச சுன்னாகம் எண்ணெய்க்காரன். 5 லீற்றர் கான் படமும் விலையும் கீழை இருக்கு. ஒரு கான் சாம்பிளுக்குக் கொண்டு வரட்டோ?”