மட்டக்களப்புக் காற்றில் கிற்றார் செய்தல்: ஈரத்தை அளந்த பிறகுதான் பசை

இரும்புக் கம்பி கட்டும் அக்கூஸ்டிக் கிற்றாரை வீட்டிலேயே செய்வதற்கான படிமுறைகள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. கனடாவிலும் இங்கிலாந்திலும் இருக்கிற கைவினைஞர்கள் படத்தோடும் அளவோடும் எழுதி வைத்தவை. அளவுகளில் பிழை இல்லை. ஆனால் "அறையின் ஈரப்பதன் 45 வீதம் இருக்கட்டும்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த படிக்குப் போய்விடுவார்கள். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் குடியிருக்கிற நமக்கு அந்த வரிதான் பாதி வேலை. அதனால் இங்கே மற்றப் படிகள் ஓட்டமாக வரும், பிரேஸ் (பலகையின் உட்புறம் ஒட்டும் தாங்கு குச்சி) ஒட்டும் படி மட்டும் நீளமாக வரும்.

உளி தீட்டவும் சீவுளி பிடிக்கவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். தெரியாவிட்டால் பக்கத்து ஓடாவியாரிடம் இரண்டு கிழமை போய் நில்லுங்கள். மட்டக்களப்புப் பறங்கியரின் பரம்பரைத் தொழில்களில் தச்சும் ஒன்று. அவர்களின் ஆட்ட இசையான காப்ரிஞ்ஞாவுக்கு வாசிக்கத் தெரிந்த ஒருவரே உளியும் பிடிப்பவராக அமைந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

அளவு

முதல் கிற்றாருக்கு ஓ.எம். (ஓர்கெஸ்ட்ரா மொடல்) வடிவத்தை எடுங்கள். மார்ட்டின் நிறுவனம் 1929இல் கொண்டுவந்தது. டிரெட்நொட் என்ற பெரிய உடல் வடிவத்தை விடப் பலகை வளைப்பது இதில் இலகு. உடலின் நீளம் 492 மி.மீ., கீழ் அகலம் 381, மேல் அகலம் 286. ஆழம் வால் பக்கம் 105, கழுத்துப் பக்கம் 85 அளவில். கம்பி நீளம் 645 மி.மீ., 14ஆம் ஃபிரெட்டில் (விரற்பலகையில் பதிக்கும் உலோகக் கோடு) கழுத்து உடலைச் சந்திக்கும். ஒலித்துளை விட்டம் 100.

மரம்

மேற்பலகைக்கு ஸ்புரூஸ் வேண்டும். அது இலங்கையில் வளராது, வெளியிலிருந்துதான் எடுக்க வேண்டும். பெட்டி உடைத்த பைன் பலகையில் செய்து பார்க்கலாமே என்ற ஆசை எல்லோருக்கும் வரும். பிசினும் அகன்ற வளையமும் உள்ள அந்தப் பலகை ஒட்டிப் பழகத்தான் சரி.

பின்பலகைக்கும் பக்கத்துக்கும் உள்ளூர் மரம் தாராளமாகப் போதும். மகோகனி எடுத்தால் பிரச்சினை குறைவு. பலாவும் நல்லது, வீணையும் மிருதங்கமும் அதில்தானே செய்கிறார்கள். வயிரப் பகுதியை மட்டும் எடுங்கள். வெளிர்ந்த வெளிப்பக்கத்தை வண்டு துளைக்கும். தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு, ஒட்டுவதற்குச் சற்று முன் ஸ்பிரிற்றால் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது. விரற்பலகைக்குக் கருங்காலி என்று தேடாதீர்கள், அது பாதுகாக்கப்பட்ட மரம். காய்ந்த முதிரை போதும். ஆனால் முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் தரும், முகமூடியும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டே தேயுங்கள். எந்த மரமானாலும் பற்றுச்சீட்டோடு வாங்குங்கள். பலாவை வெட்டவே அனுமதி வேண்டிய நாடு இது.

பலகையைச் சேர்த்தலும் மெல்லியதாக்கலும்

இரண்டு அரைப் பலகைகளைப் புத்தகம் விரித்தாற்போல் வைத்து நடு விளிம்பைச் சீவுங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடையில் ஒளிக்கீற்றே தெரியக்கூடாது. கீற்றுத் தெரிந்தால் கிளாம்பை இறுக்கி மூடப் பார்க்காதீர்கள், அந்த இடம்தான் பிறகு வெடிக்கும். ஒட்டிய பின் மேற்பலகையை 2.9 மி.மீ.க்கும், பின்பலகையை 2.5க்கும், பக்கங்களை 2.1க்கும் கொண்டுவாருங்கள். டிஜிட்டல் கலிப்பர் ஒன்று இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். ஒலித்துளை வளையத்துக்கு முதல் தடவை ஒற்றைக் கறுப்புக் கோடு போதும்.

பிரேஸ் ஒட்டுதல்: நிதானிக்க வேண்டிய இடம்

மரம் நீளவாக்கில் அசையாது, குறுக்கே மட்டும் ஊதிச் சுருங்கும். மேற்பலகையின் குறுக்கே ஓடும் பிரேஸ் நீளவாக்கில் கிடக்கிறது, ஆகவே அது அசையாது. பலகை சுருங்கப் பார்க்கும், பிரேஸ் விடாது. அந்த இழுபறியில் தோற்பது பலகைதான்.

எவ்வளவு சுருங்கும்? 80 வீத ஈரக் காற்றில் கிடந்த ஸ்புரூஸில் ஏறத்தாழ 16 வீதம் தண்ணீர் இருக்கும். 45 வீதக் காற்றில் அது 8 வீதமாகும். 381 மி.மீ. அகலமான மேற்பலகையில் இந்த வித்தியாசம் 4 மி.மீ. மார்கழி மழையில் பிரேஸ் ஒட்டிய கிற்றார், அடுத்த ஆனி ஆடியில் கச்சான் அடிக்கும்போது (தின்கிற கச்சான் அல்ல, மேற்கிலிருந்து வருகிற அந்த வறண்ட காற்று) முதலில் வயிறு ஒட்டிப்போகும். மறுகா கம்பி ஃபிரெட்டில் தட்டும், ஃபிரெட் நுனிகள் கையைக் கீறும், கடைசியில் ஒலித்துளைக்குக் கீழே நெடுக வெடிக்கும். அதே கிற்றார் கனடாவுக்கோ சுவிசுக்கோ போய்ச் சூடாக்கிய அறையில் ஒரு மாரிகாலம் இருந்தால் இன்னும் வேகமாக வெடிக்கும்.

முதலில் ஈரமானியைச் சோதியுங்கள். மலிவான டிஜிட்டல் மானிகள் 5 வீதம், சிலவேளை 10 வீதம் பிழை காட்டும். ஒரு போத்தல் மூடியில் சமையல் உப்பை எடுத்துச் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் களியாக்குங்கள். கரைய விடக்கூடாது. அதையும் மானியையும் இறுக மூடும் டப்பாவில் ஒரு நாள் வையுங்கள். உள்ளே காற்று 75 வீதத்தில் நிற்கும். மானி 81 காட்டினால் உங்கள் மானி 6 கூட்டிச் சொல்கிறது, இனி ஒவ்வொரு தடவையும் 6ஐக் கழியுங்கள்.

அடுத்தது காயவைக்கும் பெட்டி. 30 பாகை, 80 வீத ஈரமுள்ள நம் காற்றை 40 பாகைக்குச் சூடாக்கினால், தண்ணீர் ஒரு துளியும் வெளியேறாமலே அதன் சாரீரப்பதன் 46 வீதத்துக்கு இறங்கிவிடும். சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும், அவ்வளவுதான் விடயம். விலை கூடிய இயந்திரம் தேவையில்லை. 700 மி.மீ. நீளம், 500 அகலம், 650 உயரத்தில் ஒரு பிளைவூட் பெட்டி, கோழிக்குஞ்சுப் பெட்டிக்குப் போடுகிற வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று, 60 வற் மஞ்சள் மின்குமிழ் ஒன்று, அடியிலும் மேலேயும் விரல் பருமனில் இரண்டிரண்டு துளை. குமிழைச் சுற்றித் தகரம் வளைத்துவிடுங்கள், மரத்தூள் பட்டால் தீப்பிடிக்கும். ஆளில்லாத வீட்டில் எரியவிட்டுப் போகாதீர்கள்.

மேற்பலகையையும் பிரேஸ் குச்சிகளையும் உள்ளே வைத்துத் தினமும் சமையல் தராசில் நிறுங்கள். 250 கிராம் பலகை 17 கிராம் வரை இறங்கும். இரண்டு நாள் தொடர்ந்து ஒரே நிறை காட்டினால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். மெல்லிய பலகைக்கு இரண்டு மூன்று நாள், தடித்த பிரேஸுக்கு ஒரு கிழமைக்கு மேலே போகும். நாளை எண்ணாதீர்கள், நிறையைப் பாருங்கள்.

பிரேஸ் குச்சியை வாளால் அறுக்காமல் பிளந்து எடுங்கள். பிளவு நார் வழியே போகும், அறுப்பு நாரை வெட்டும். 8 மி.மீ. அகலம், 15 மி.மீ. உயரம், வளையக் கோடுகள் நிமிர்ந்து நிற்க வேண்டும். அடிப்பக்கத்தை 8.5 மீற்றர் ஆரையில் வளைத்துச் சீவுங்கள். கேட்கப் பயமாக இருந்தாலும், 380 மி.மீ. நீளத்துக்கு நுனிகள் 2.1 மி.மீ. மட்டும் குறையும். அதே வளைவுள்ள குழிந்த பலகை ஒன்று அடியில் வேண்டும்.

இரண்டு நீளப் பிரேஸும் எக்ஸ் எழுத்தாகக் கடக்கும் இடத்தைப் பாதிக்குப் பாதி வெட்டிப் பொருத்துங்கள். கையால் அழுத்தினால் இறங்க வேண்டும், சுத்தியல் கேட்டால் இறுக்கம் அதிகம். மேல்பக்கம் வெட்டுப்பட்ட பிரேஸ் அந்த இடத்தில் பலவீனம், அதன்மேல் ஒரு சிறு மரத்துண்டோ பசையில் தோய்த்த பருத்தித் துணியோ கட்டாயம் ஒட்டுங்கள். 12–53 கம்பி (மெல்லியது 0.012 அங்குலம், தடித்தது 0.053 அங்குலம்) கட்டினால் மொத்த இழுவை ஏறத்தாழ 73 கிலோ. ஒன்றரை மூடை அரிசியை அந்த மூட்டுத்தான் தாங்கி நிற்கிறது.

அழுத்துவதற்குப் பலர் நீளக் கிளாம்ப் வாங்கச் சொல்வார்கள். வேண்டாம். காயவைக்கும் பெட்டிக்குள்ளேயே வேலையை முடிக்கலாம், அதற்காகத்தான் உயரம் 650. குழிந்த பலகையும் மேற்பலகையும் பிரேஸும் அடுக்கிய பின் பெட்டியின் கூரைக்கு மிஞ்சுகிற இடைவெளியை அளந்து, அதைவிட 20 முதல் 25 மி.மீ. நீளமாகக் கமுகஞ்சிலாகை சீவி, வளைத்து ஊன்றுங்கள். ஒரு பிரேஸுக்கு ஐந்தாறு சிலாகை. கூரைப் பலகை 18 மி.மீ. தடிப்பில் இல்லாவிட்டால் அதுதான் மேலே வளையும், பிரேஸ் அழுந்தாது.

ஒட்டும் ஒழுங்கு இது. குமிழை அணையுங்கள். பசையில்லாமல் ஒரு தடவை முழுதாக ஊன்றிப் பாருங்கள். எடுத்துப் பசை பூசி, ஐந்து நிமிடத்துக்குள் வைத்து ஊன்றுங்கள். பிதுங்கிய பசையை உளியால் வழித்தெடுங்கள், ஈரத்துணி வேண்டாம். கதவை மூடிக் குமிழைப் போடுங்கள், அடுத்த நாள்தான் திறக்க வேண்டும். மேசையில் பரப்பி வைத்து ஆறுதலாக ஒட்டினால் காய்ந்த பலகை அரை மணியிலேயே ஈரம் குடிக்கத் தொடங்கிவிடும், ஒரு கிழமை காயவைத்தது வீண்.

பசையில் சமரசம் வேண்டாம். சாதாரண வெள்ளைப் பசை சுமையின் கீழ் மெல்ல மெல்ல வழுக்கும். டைட்பொன்ட் ஒரிஜினல் போன்ற மஞ்சள் பசை எடுங்கள். தண்ணீர் படாத வகை வேண்டாம், பின்னொரு நாள் பிரிட்ஜை (மேற்பலகையில் கம்பிகளைப் பிடிக்கும் மரத்துண்டு) கழற்ற வேண்டிவரும்போது அது இலகுவில் விட்டுக்கொடுக்காது.

பக்கம் வளைத்தல்

60 முதல் 75 மி.மீ. விட்டமுள்ள குழாயைக் காஸ் டோர்ச்சால் சூடாக்குங்கள். நாகம் பூசிய தண்ணீர்க்குழாய் வேண்டாம், தீ நேரே படுமிடத்தில் அதன் புகை நஞ்சு. தெளித்த தண்ணீர்த் துளி குழாயில் துள்ளி ஓடினால் சூடு சரி. இடுப்பு வளைவிலிருந்து தொடங்குங்கள். மரம் தானாக இளகும், கை அதை உணரும். இளகும் முன் தள்ளினால் ஒடியும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு மேலதிகப் பலகை வைத்திருங்கள், தேவைப்படும்.

மூடுதலும் கழுத்தும்

கிற்றார் உடலை மூடும் நாளிலும் மேற்பலகையும் பின்பலகையும் அதே காய்ந்த நிலையில் இருக்க வேண்டும். கழுத்தை 6 மி.மீ. போல்ட் இரண்டால் பூட்டுங்கள். புறாவால் மூட்டுத்தான் மரபு, உண்மை. ஆனால் நம் காற்றில் கழுத்துக் கோணத்தைத் திருத்த வேண்டிய நாள் எப்படியும் வரும். அன்றைக்குப் போல்ட்டைக் கழற்றுவது பத்து நிமிட வேலை.

ஃபிரெட் இடங்களை எப்போதும் நட்டிலிருந்தே (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் துண்டு) அளக்க வேண்டும், ஒன்றிலிருந்து ஒன்றை அளந்தால் பிழை சேர்ந்துகொண்டே போகும். 645 மி.மீ.க்கு முதலாவது 36.2, ஐந்தாவது 161.8, ஏழாவது 214.5, பன்னிரண்டாவது 322.5, பதினான்காவது 357.7. மற்ற இடங்களை, ஒவ்வொரு தடவையும் மிஞ்சுகிற கம்பி நீளத்தை 17.817ஆல் பிரித்துக் கூட்டிக்கூட்டி எடுக்கலாம்.

பிரிட்ஜ்

பன்னிரண்டாம் ஃபிரெட் தூரத்தை இரட்டித்து 645இல் சடிலை (பிரிட்ஜின் மேல் கம்பிகள் தங்கும் மெல்லிய துண்டு) நேராக வைப்பதுதான் புதியவர்கள் அதிகம் விடும் பிழை. கம்பியை அழுத்தும்போது அது இழுபட்டுச் சுருதி ஏறும். அதை ஈடுகட்ட மெல்லிய கம்பிப் பக்கம் 2 மி.மீ., தடித்த கம்பிப் பக்கம் 4.5 மி.மீ. பின்னால் தள்ள வேண்டும். சடில் சாய்ந்து நிற்பது அதனால்தான். பொலிஷ் சுரண்டிய வெறும் மரத்தில் ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள்.

பின்னர் சேர்த்தவை

எல்.ஈ.டி. குமிழ் போட்டுப் பெட்டி சூடாகவில்லை என்று பலர் சொல்கிறார்கள். சூடாகாது. பழைய இழைக் குமிழ் கிடைக்காவிட்டால் கோழிப்பண்ணைக்கு விற்கும் வெப்பக் குமிழைப் பீங்கான் பிடியில் போடுங்கள், பிளாஸ்டிக் பிடி உருகும்.

ஏசி அறை இருந்தால் பெட்டி தேவையா? 26 பாகையில் ஏசி ஓடும்போது ஈரம் 55 அளவுக்கு இறங்கலாம், மானியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இரவில் ஏசியை நிறுத்தினால் விடியுமுன் எல்லாம் பழையபடி ஏறிவிடும். அதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

கல்முனையிலோ காத்தான்குடியிலோ கடைசிவரை இருக்கப்போகிற கிற்றாருக்கும் 45தானா? அதற்கு 50 முதல் 55 போதும். 45இல் ஒட்டினால் ஐப்பசி பிறந்ததும் வயிறு உப்பி, கம்பி உயர்ந்துவிடும். சடிலைச் சீவினால் சரியாகும், பலகை வெடிக்காது. பிளேன் ஏறப்போகிற கிற்றாருக்கு 40–45ஐத் தாண்டாதீர்கள்.

அரக்குப் பொலிஷ் வெள்ளை பூத்தால் பூசும்போது காற்றில் ஈரம் அதிகம். மழை நாளில் பூசக்கூடாது. பூத்த இடத்தில் ஸ்பிரிற் தொட்ட துணியை இலேசாக ஓட்டி, காய்ந்த நாளில் திரும்பப் பூசுங்கள். கச்சான் காலத்துக் காலை பத்து மணிக்குப் பிறகு பூசினால் இந்தத் தொல்லையே வராது, வாசலைச் சாத்திக்கொள்ளுங்கள், தூசு ஒட்டும்.