‘நாமெல்லாம் ஒண்ணுதானே’: மலையகத்துக்குக் குடிவரும் குடும்பங்கள் நட்பில் செய்யும் தவறுகள்

போன மாதம் இலங்கை மலையகத்தில், கொட்டகலையில் ஒரு குழந்தைக்கு முதல் பிறந்தநாள். தமிழ்நாட்டிலிருந்து வந்து மூன்று வாரம்கூட ஆகாத ஒரு குடும்பமும் வந்திருந்தது. நல்ல மனிதர்கள்தான். கேக் வெட்டி முடிந்து எல்லாரும் தட்டோடு உட்கார்ந்ததும், அந்தப் பெண் வீட்டுப் பெரியவர் பக்கம் நகர்ந்து, முகம் கொள்ளாத சிரிப்போடு, "உங்களுக்கு இந்தியாவுல எந்த ஊருங்கய்யா?" என்றார். நான் கடித்த ரோல்ஸ் தொண்டையிலேயே நின்றது. "எனக்கு இந்த ஊருதாம்மா" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் எழுந்து வெளியே போனார். என்ன நடந்தது என்று அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் எனக்கும் புரியவில்லை.

நாங்கள் கோத்தகிரிக்காரர்கள். என் கணவருக்குத் தேயிலை ஃபாக்டரிகளில் இயந்திரம் பொருத்திப் பழுது பார்க்கும் வேலை. ஹட்டனை ஒட்டி ஒரு வாடகை வீட்டில் இறங்கியபோது மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்று. போயா என்கிற பௌர்ணமி அன்று இறைச்சிக்கடை திறந்திருக்காது, பாண் என்றால் பிரெட், சர்க்கரை என்று கேட்காமல் சீனி என்று கேட்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு வாரத்தில் தானாக வந்துவிடும். அவற்றை எழுதப் போவதில்லை. எங்களுக்கு வருஷக்கணக்கில் செலவு வைத்தவை மட்டும் இங்கே.

சனிக்கிழமையானால் கண்டிக்கு ஓடுவது

கண்டியில் இந்திய உதவித் தூதரகம் இருக்கிறது. விசா, பாஸ்போர்ட் என்று போகிற இடத்தில் நாலு இந்தியக் குடும்பங்கள் பழக்கமாகும். அப்புறம் சனிக்கிழமை தவறாமல் மலைப்பாதையில் வளைந்து வளைந்து இறங்குவதும், ஞாயிறு இரவு பிள்ளைகள் வாந்தி எடுக்கத் திரும்பி ஏறுவதும்தான். முதல் வருஷம் முழுக்க அப்படித்தான் ஓடினோம். "சனிக்கிழமை எங்க வீட்டுக்கு வாறியா?" என்று மகளின் வகுப்புத் தோழி மூன்று தடவை கேட்டிருக்கிறாள். நாலாவது தடவை கேட்கவில்லை. கண்டிக் குடும்பங்களோ ஒப்பந்தம் முடிந்து ஒவ்வொன்றாக மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டன.

பூர்வீகம் கேட்பது

இதுதான் நான் சொல்ல வந்தது. மற்றதெல்லாம் இதற்குப் பக்கத்தில் தூசு.

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு ஃபாக்டரியில் டீமேக்கராக, அதாவது தேயிலைத் தயாரிப்பைப் பார்த்துக்கொள்பவராக இருந்தவர் என் கணவரோடு நன்றாகப் பழகினார். வந்த மூன்றாவது மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வரச் சொன்னார். அவருடைய அம்மா நாற்பது வருஷம் கொழுந்து பறித்தவர். தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் வைத்தார். பிறகு பால் இல்லாத சாயத்தண்ணி கொண்டுவந்தார், சீனி போடாமல். நான் கோப்பையை எடுக்கப் போக, "கையை நீட்டு தாயி" என்று சொல்லி என் உள்ளங்கையில் ஒரு கரண்டி சீனியைக் கொட்டினார். அதை நாக்கால் தொட்டுக்கொண்டே சூடாகக் குடிக்க வேண்டுமாம். என் பிள்ளைகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மகன் சீனியை மட்டும் மூன்று தடவை வாங்கினான்.

அந்தச் சந்தோஷத்தில் என் வாய் திறந்தது.

"பாட்டி, நாமெல்லாம் ஒண்ணுதானே! உங்களுக்கு அங்க எந்த ஊரு?"

துறையூர்ப் பக்கம் என்று தாத்தா சொல்லக் கேட்டிருப்பதாகச் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "துறையூர்ல என்ன ஆளுங்க நீங்க?" என்றேன். இந்தக் கேள்விக்கு நம் ஊரில் என்ன அர்த்தமோ அதே அர்த்தம்தான் இங்கேயும். பாட்டி காதில் விழாத மாதிரி இருந்தார். அடுத்தது, "அப்புறம் ஏன் பாட்டி நீங்க இந்தியாவுக்குத் திரும்பி வரலை?" மருமகள் வந்து தட்டுகளை எடுக்கத் தொடங்கினாள். அந்த மௌனத்தை நிரப்புகிறேன் பேர்வழி என்று கடைசியாக ஒன்று சொன்னேன். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. "எங்க கோத்தகிரியிலகூட நிறைய சிலோன்காரங்க இருக்காங்க, அரசாங்கத்தோட டான்டீ தேயிலை எஸ்டேட்ல வேலை செய்வாங்க. பாவம்!"

திரும்பி வருகிற வழியெல்லாம், எவ்வளவு பாசமான மனிதர்கள் என்று நான் பேசிக்கொண்டே வந்தேன்.

நடந்தது என்ன என்பது பல மாதம் கழித்து வேறொருவர் வழியாகத்தான் தெரிந்தது. பாட்டிக்கு ஒரு தம்பி, ஒரு தங்கை. எழுபதுகளில் இரண்டு பேரும் குடும்பத்தோடு இந்தியா போனவர்கள். போன இடம் நீலகிரி. பாட்டியின் புருஷன் வீட்டுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை, தம்பி தங்கைக்கு இந்தியப் பாஸ்போர்ட். ஹட்டன் ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டு வந்ததோடு சரி. சில வருஷம் கடிதம் வந்தது, அப்புறம் அதுவும் நின்றது. அப்படிப்பட்டவரிடம்தான் நான் "பாவம், சிலோன்காரங்க" என்றிருக்கிறேன்.

இங்கே குடிவருகிறவர்கள் இந்த வரலாற்றை ஒரு பக்கமாவது தெரிந்துகொண்டு வர வேண்டும். 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு போட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். யாரும் இந்த மக்களைக் கேட்டுக் கையெழுத்துப் போடவில்லை. அப்பா ஒரு பக்கம், கல்யாணமான மகள் இன்னொரு பக்கம் என்று குடும்பங்கள் உடைந்தன. தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரம் போன கப்பல் 1984இல் நின்றபோது, இந்தியா போகப் பெயர் கொடுத்திருந்தவர்களில் பலர் இங்கேயே இருந்துவிட்டார்கள். எஞ்சியிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கொடுத்த 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் கடைசி முடிச்சு அவிழ்ந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. 1977லும் 1983லும் தமிழர்களை அடித்து விரட்டியவர்கள் சொன்னதும் 'உங்கள் நாட்டுக்குப் போங்கள்' என்பதுதான். நாம் ஆசையாக "இந்தியாவுல எந்த ஊரு?" என்று கேட்கும்போது, கேட்கிறவர் காதில் அதன் எதிரொலியும் விழலாம். நாம் எவ்வளவு சிரித்தபடி கேட்டாலும் சரி. 2023இல், மலையகத் தமிழர் வந்து இருநூறு ஆண்டு என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு கூட்டம் நடந்தே போனது. முன்னோர்கள் காட்டுவழியே செத்து விழுந்து வந்த அதே பாதை. இருநூறு வருஷம் ஒரு மண்ணில் இருந்தவரிடம் "சொந்த ஊர் எது?" என்று கேட்டால் எந்தப் பதிலை எதிர்பார்க்கிறோம்?

எங்களுக்கு ஆன செலவு இரண்டு வருஷம். டீமேக்கர் வேலையிடத்தில் "வாங்க சார்" என்பார், வீட்டுக்கு மட்டும் கூப்பிட மாட்டார். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் கொடுத்தனுப்பினேன். டப்பா மறுநாளே அவர்கள் வீட்டுப் பலகாரத்தோடு திரும்பி வந்தது. ஒரு குறையும் சொல்ல முடியாத மரியாதை. உள்ளே விடாத மரியாதை. மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை. கேட்டால் அந்தப் பேச்சை மறுபடி அவர்கள் வீட்டு நடுவில் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

டீமேக்கரின் மாமனார் இறந்தபோது போனோம். என் கணவர் இரவு முழுக்க ஆண்களோடு வெளியே உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்து வீட்டு அடுப்படியில் பெண்களோடு வெங்காயம் உரித்தேன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை, நானும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்துப் பாட்டி கோயிலில் என்னைப் பார்த்துப் பக்கத்தில் வந்து நின்றார். "கீழ்க்கோத்தகிரின்னு ஒரு எடம் இருக்காமே, தெரியுமா தாயி?" என்றார். தெரியும் என்று மட்டும் சொன்னேன். தம்பியின் கதையை அவரே சொல்ல இன்னும் ஆறு மாதம் ஆனது.

அப்படியானால் என்னதான் கேட்பது என்று அந்தப் பிறந்தநாள் பெண் என்னிடம் கேட்டார். "எந்தத் தோட்டம்?" என்று கேளுங்கள். இங்கே பூர்வீகம் அதுதான். எந்த டிவிஷன் (தோட்டத்தின் பிரிவு), எந்த லயம் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), எந்தப் பள்ளிக்கூடம் என்று பேச்சு தானாக ஓடும். தோட்டத்துப் பலகையில் ஒரு வெள்ளைக்காரப் பெயர் இருக்கும், ஜனங்கள் வாயில் வேறொரு தமிழ்ப் பெயர் இருக்கும். அந்தத் தமிழ்ப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் சாயத்தண்ணி இரண்டாம் சுற்று வந்துவிடும்.

ஒரே மொழி என்பது இங்கே நமக்கு ஒரு வசதி, அதுவே கண்ணி. வேறு நாட்டுக்குப் போயிருந்தால் முதல் வருஷம் வாயை மூடிக்கொண்டு கவனித்திருப்போம். இங்கே இறங்கிய அன்றே எல்லாம் புரிகிறது, அதனால் எல்லாம் தெரியும் என்று நினைத்துவிடுகிறோம்.

எல்லாரையும் ஒரே நாளில் அழைப்பது

மகனின் நாலாவது பிறந்தநாளுக்குத் தெரிந்தவர் அத்தனை பேரையும் கூப்பிட்டேன். தோட்டத்துக் கண்டக்டர் (வேலையை மேற்பார்வை செய்பவர்) குடும்பம், கிளார்க் குடும்பம், மகனோடு விளையாடும் பையனின் அம்மா. அந்த அம்மா கொழுந்து பறிப்பவர். வந்தவர் மூன்று மணி நேரமும் சமையலறைக் கதவோரமே நின்றார். "உட்காருங்கக்கா" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கண்டக்டர் வீட்டம்மா நாற்காலியில் இருக்கும்வரை அவர் உட்காரப் போவதில்லை என்பது அந்த அறையில் என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தோட்டத்தில் பங்களா, ஸ்டாஃப் குவாட்டர்ஸ், லயம் என்று படிகள் உண்டு. அவற்றை நீங்கள் ஒரு கேக்கால் இடித்துவிட முடியாது. எனக்கு அது பிடிக்கவில்லை, இன்றைக்கும்தான். ஆனால் என் கொள்கைக்காக இன்னொருத்தியைக் கால் கடுக்க நிற்கவைக்க எனக்கு என்ன உரிமை? இப்போது அவர் தனியாக வருகிறார். என் அடுப்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, என் சாம்பாரைக் குறை சொல்கிறார்.

கணவனின் நண்பர்களே குடும்ப நண்பர்கள் என்று நினைப்பது

இல்லை. பள்ளிக்கூட வேனுக்குக் காத்திருக்கும் இடத்தில்தான் எனக்கு முதல் தோழி கிடைத்தாள்.

பெரிய பரிசு

நாலு அப்பிள், ஒரு விசுக்கோத்துப் பக்கெட். அதற்கு மேல் கொண்டுபோனால், திருப்பிச் செய்ய அவர்கள் கடன் வாங்குவார்கள்.

கொழுந்து பறிப்பவர்களைப் படம் எடுப்பது

வேண்டாம்.

'சிங்களம் எதுக்கு, எல்லாரும் தமிழ்தானே'

ஹட்டனில் கடை, வங்கி, பஸ் எல்லாவற்றையும் தமிழிலேயே சமாளித்துவிடலாம். அதனால் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாவை ஒரு வருஷம் வெறும் புன்னகையில் கடத்தினேன். அவரோ சித்திரை வருஷப் பிறப்புக்குக் கிரிபத் என்கிற பால்சோறும் கொக்கிஸ் பலகாரமும் தட்டில் மூடிக் கொண்டுவந்தார். அவர்களுக்கும் அன்றுதான் வருஷப் பிறப்பு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். புத்தருக்கான வெசாக் பண்டிகை வந்ததும் தெருமுனையில் தன்சல் போட்டார்கள், போகிற வருகிற எல்லாருக்கும் இலவசச் சாப்பாடு. "வாங்க" என்று என் பிள்ளைகளைக் கையைப் பிடித்து வரிசையில் நிறுத்தினார். மகன் அங்கேதான் நாலு சிங்களப் பையன்களைப் பிடித்தான், அடுத்த வாரம் கிரிக்கெட் மட்டையோடு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

முழுசாகக் கற்றுக்கொள்ள முடியாவிட்டாலும் பத்து வார்த்தை வேண்டும். நான் முதலில் பழகியது விடைபெறும் வார்த்தை: "கிஹில்லா என்னங்". நேராகச் சொன்னால் 'போயிட்டு வர்றேன்' என்று அர்த்தம். போகிறேன் என்று வெறுமனே சொல்வது அவர்களுக்கும் பிடிக்காதாம். அதை முதல் தடவை நான் சொன்ன அன்று அந்த அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினார். பாதிகூட எனக்குப் புரியவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அழைப்பது

ஊரில் எட்டரைக்குக் கூப்பிட்டு ஒன்பதரைக்கு இலை போடும் பழக்கத்தில் இங்கேயும் கூப்பிட்டேன். சரி என்றார்கள், வரவில்லை. இரண்டு தடவை இப்படி. கோபம்கூட வந்தது. விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்குப் போகிறவர்கள் எட்டரைக்குப் போர்வைக்குள் இருப்பார்கள் என்பதையும், தோட்டத்துக்குப் போகிற கடைசி பஸ் சாயங்காலமே கிளம்பிவிடும் என்பதையும், தப்பவிட்டால் ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசு ஒரு நாள் சம்பளத்தைத் தின்றுவிடும் என்பதையும் நான் யோசிக்கவில்லை. அவர்களும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

இப்போது ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூப்பிடுகிறேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து, ஒரு சாயத்தண்ணியும் குடித்து, மழை இறங்குவதற்கு முன் பஸ்ஸைப் பிடித்துவிடுகிறார்கள். பாட்டி வந்தால் மட்டும் சீனி டப்பாவை மேசையிலேயே வைத்துவிடுவேன். மகனுக்கு இப்போது பதினான்கு வயது. அவன் இன்னும் கையைத்தான் நீட்டுகிறான்.