பாறை நீண்டதா, அதைத் தாங்கிய சட்டம் (ஃபிரேம்) சுருங்கியதா?

போன மாதம் ஒரு மாணவர், ஊறவைத்த பாறையை உறையவைத்து உருக்கும் சோதனையின் வரைபடத்தைக் கொண்டுவந்தார். லடாக் கிரானைட் கோர் (துளையிட்டு எடுத்த உருளை), 20 டிகிரியிலிருந்து மைனஸ் 20 வரை குளிர்வித்தது. "உறையும்போது பாறை நீளுது சார், 600 மைக்ரோஸ்ட்ரெயின்" என்றார். அதாவது நீளத்தில் பத்து லட்சத்தில் 600 பங்கு. கோடு 20 டிகிரியிலேயே ஏறத் தொடங்கியிருந்தது. பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதே கோட்டை நானும் ஒரு காலத்தில் வரைந்திருக்கிறேன்.

மாதிரியை நன்றாக ஊறவைப்பது, விரிசல் விட்டதை ஒதுக்குவது எல்லாம் எவரும் சொல்லித்தருவார்கள். அவற்றை விட்டுவிட்டு, இந்தச் சோதனையில் எளிதில் கண்ணில் படாத பிழைகளை மட்டும் சொல்கிறேன்.

சட்டத்தின் சுருக்கத்தைப் பாறையின் நீட்சியாக எடுப்பது

மாதிரி அடித்தட்டில் நிற்கும். நீள மாற்றத்தை அளக்கும் எல்விடிடி என்ற உணரி, அலுமினியக் கம்பிகள் தாங்கும் மேல்தட்டில் இருக்கும். தட்டுகளும் கம்பிகளும் சேர்ந்ததுதான் சட்டம். எல்லாமே உறைபெட்டிக்குள். அலுமினியம் ஒரு டிகிரிக்கு, மீட்டருக்குச் சுமார் 23 மைக்ரான் சுருங்கும்; கிரானைட் சுமார் 8. மாதிரியும் கம்பியும் 100 மி.மீ. என்றால், 40 டிகிரி இறங்கும்போது கம்பி 92 மைக்ரான் குறையும், பாறை 32. மிச்சம் 60 மைக்ரான் மேல்தட்டு கீழே வருகிறது. கருவியோ பாறை வளர்ந்ததாகப் பதிவு செய்கிறது. 100 மி.மீ.க்கு 60 மைக்ரான்: அந்த 600 இதுதான்.

நான் மூன்று மாதம் சோதித்து அறிக்கையும் எழுதிவிட்டேன். ஆய்வுக்கூடத்து மூத்த டெக்னீஷியன்தான், "ஓவன்ல காயவச்ச ஒண்ண ஓட்டிப் பாருங்களேன்" என்றார். துளித் தண்ணீர் இல்லாத பாறையும் ஏறக்குறைய அதே அளவு 'நீண்டது'. நடுவில் சட்டத்தை இரண்டு முறை கழற்றிப் பூட்டியிருந்ததால் பழைய எண்களைத் திருத்தவும் வழியில்லை. உறைந்து உருகும் சுழற்சிகள் பட்ட மாதிரிகளைப் புதிதாக்கவும் முடியாது. இன்றைக்கும் நினைத்தால் ஆறவில்லை.

முதலில் ஃப்யூஸ்டு சிலிக்கா (ஒருவகைக் கண்ணாடி) உருளை ஒன்றை மாதிரியின் இடத்தில் வைத்து அதே சுழற்சியை ஓட்டுங்கள். அது சுருங்குவது மிகமிகக் குறைவு. அப்போது தெரிவது பெரும்பாலும் சட்டத்தின் அசைவு. அதைக் கழியுங்கள். முடிந்தால் கம்பிகளை, குளிரில் மிகக் குறைவாகவே சுருங்கும் உலோகக் கலவையான இன்வாருக்கு மாற்றுங்கள்.

அப்புறம் கோட்டின் வடிவத்தைப் பாருங்கள். சட்டத்தின் பிழை தொடக்கத்திலிருந்தே வெப்பநிலையோடு நேராகப் போகும். உண்மையான உறைவு 0-க்குச் சில டிகிரி கீழே திடீரென்று தலைகாட்டும். அந்த நேரத்தில் உள்ளுறை வெப்பம் வெளிப்பட்டு மாதிரியின் நடு வெப்பநிலை சற்றே எகிறும். உருகி மறுபடி 20 டிகிரிக்கு வந்த பிறகும் திரும்பாத நீளம்தான் சேதத்தின் அளவு.

உறைபெட்டி முகப்பில் காட்டும் வெப்பநிலை

நம்பாதீர்கள். அது பாறையின் நடு வெப்பநிலை அல்ல. கூடவே இன்னொரு கோர் வைத்து, அதன் நடுவில் துளையிட்டுத் தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி) செருகுங்கள்.

9 சதவீதத்தையே பிடித்துக்கொண்டிருப்பது

நீர் உறைந்தால் 9 சதவீதம் பெருகும், சரி. ஆனால் உறையும்போது சுருங்கும் பென்சீனாலும் மண் வீங்கி எழும் என்று அமெரிக்கப் புவியியலாளர் ஸ்டீஃபன் டேபர் 1930 வாக்கிலேயே காட்டிவிட்டார். பனிக்கட்டி அக்கம்பக்கத்து நீரைத் தன்பக்கம் இழுத்து வளர்கிறது. பனி உருகி நீர் ஊறிக்கொண்டே இருக்கும் மலைச்சரிவைப் பற்றிப் பேச வேண்டுமானால், மாதிரிக்கும் அடியிலிருந்து நீர் வரத்து வேண்டும்.

பக்க அழுத்தம்

5 மீட்டர் ஆழத்தில் மேல்சுமை சுமார் 0.13 மெகாபாஸ்கல்தான். சோதனையில் மாதிரியைச் சுற்றி 10 மெகாபாஸ்கல் கொடுத்து இறுக்கிவிட்டு, விரிசல் திறக்கவில்லை என்று எழுதாதீர்கள்.